ரெஸ்யூமேயில் காட்ட ஒன்றுமில்லையா? ஒரு வலைப்பதிவு தொடங்குங்கள்

கேம்பஸ் சீசனில் வந்து குவியும் ரெஸ்யூமேக்களில் ஒரு கட்டை எடுத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். பெயரையும் போட்டோவையும் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று பெற்றவர்களுக்கே தெரியாது. மேலே ஒரு ‘கேரியர் அப்ஜெக்டிவ்’ இருக்கும். சீனியர் கொடுத்த வேர்டு ஃபைலில் இருந்தது அப்படியே வந்திருக்கும். நடுவில் ‘குவிக் லேர்னர், டீம் பிளேயர்’. பிராஜெக்ட் என்ற இடத்தில் நூலக மேலாண்மை மென்பொருள், இல்லாவிட்டால் முகத்தைப் பார்த்து வருகைப்பதிவு எடுக்கும் மென்பொருள். ஹாபி, பாட்டு கேட்பது. கடைசியில் ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை’ என்ற உறுதிமொழியும் கையெழுத்தும்.

எதுவும் பொய்யில்லை. ஆனால் ஆள் தெரிவதில்லை. ஒரு சின்ன நிறுவனத்தில் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் சொல்கிறேன். மார்க் தெரியும், அரியர் இருக்கிறதா என்று தெரியும். ஒரு விஷயத்தில் மாட்டிக்கொண்டால் இந்தப் பையன் என்ன செய்வான், தான் புரிந்துகொண்டதை இந்தப் பெண் அடுத்தவருக்கு எப்படி எடுத்துச் சொல்வாள் என்பது மட்டும் தெரியாது. எடுப்பவருக்கு வேண்டியதோ அதுதான். ஒரு மாணவர் இதைக் காசு செலவில்லாமல் காட்டுவதற்கு நான் பார்த்தவரை வலைப்பதிவை விட நல்ல வழி இல்லை.

வலைப்பதிவு என்றால் என்னவென்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். உங்கள் பெயரில் இணையத்தில் ஒரு முகவரி; அதில் நீங்கள் எழுதும் பதிவுகள் தேதியோடு, புதியது மேலே பழையது கீழே என்று அடுக்கப்பட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கூகுளில் தேடினால் கிடைக்கும். இன்ஸ்டாகிராமிலோ லிங்க்ட்இன்னிலோ போடுவது நாலு நாளில் அடியில் போய்விடும், பிறகு நீங்களே தேடினாலும் அகப்படாது. வலைப்பதிவில் எழுதியது மூன்று வருடம் கழித்தும் அதே முகவரியில் இருக்கும். அந்தத் தேதிதான் முக்கியம். இரண்டாம் ஆண்டில் தட்டுத்தடுமாறி எழுதியவர் கடைசி ஆண்டில் தெளிவாக எழுதியிருக்கிறார் என்றால், ‘குவிக் லேர்னர்’ என்று அவர் தனியாகச் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை.

டார்மிட்டரியிலிருந்து ஒரு செய்தியாளர்

உலகத்தில் இதற்கு நல்ல உதாரணம் பிரையன் ஸ்டெல்டர். அமெரிக்காவின் மேரிலாந்தில் டௌசன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, 2004 தொடக்கத்தில், தொலைக்காட்சிச் செய்தி சேனல்களைப் பற்றி மட்டும் எழுத ஒரு வலைப்பதிவு தொடங்கினார். யார் எந்தச் சேனலுக்குத் தாவுகிறார், எந்த நிகழ்ச்சியின் ரேட்டிங் ஏறியது, எது இறங்கியது. இவ்வளவுதான் விஷயம். முதலில் தன் பெயரைக்கூடப் போடவில்லை. சேனல்களின் தலைமை அலுவலகங்களில் இருந்தவர்கள் தினமும் படிக்க ஆரம்பித்தார்கள். எழுதுவது யாரோ துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர் என்று நினைத்தவர்களும் உண்டு. அதே ஆண்டிலேயே மீடியாபிஸ்ட்ரோ என்ற நிறுவனம் அந்தத் தளத்தை வாங்கிக்கொண்டு, எழுதும் வேலையையும் அவரிடமே விட்டது. 2007-இல் பட்டம் வாங்கிய கையோடு நியூயார்க் டைம்ஸ் அவரைச் செய்தியாளராக எடுத்துக்கொண்டது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது நியூயார்க் டைம்ஸ் அல்ல. அவர் எடுத்துக்கொண்ட விஷயம் எவ்வளவு குறுகலானது என்பதுதான். ‘ஊடகம்’ என்று பொதுவாக எழுதவில்லை, ‘அமெரிக்க அரசியல்’ என்று எழுதவில்லை. ஒரு சின்ன வட்டத்தை எடுத்துக்கொண்டார். அந்த வட்டத்துக்குள் இருந்த எல்லோருக்கும் அவர் தேவைப்பட்டார். நம் மாணவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் தொடங்குகிறார்கள். முதல் பதிவே ‘செயற்கை நுண்ணறிவின் எதிர்காலம்’. அதை எழுத உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எல்லோரும் உங்களை விட விவரம் தெரிந்தவர்கள். உங்கள் பதிவை யார் படிப்பார்கள், எதற்காகப் படிப்பார்கள்?

என்ன எழுதுவது

‘எனக்கு என்ன தெரியும் எழுதுவதற்கு’ என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கேள்வியே கொஞ்சம் கோணல். தெரிந்ததை எழுத வேண்டாம். நேற்று தெரியாமல் இருந்து இன்று தெரிந்துகொண்டதை எழுதுங்கள். உங்களுக்கு ஒரு மாதம் பின்னால் வந்துகொண்டிருக்கும் மாணவருக்கு அதை உங்களை விட நன்றாக யாரும் சொல்ல முடியாது. எங்கே இடறும் என்பது பேராசிரியருக்கு எப்போதோ மறந்திருக்கும், உங்களுக்கு இன்னும் கால் வலிக்கும்.

ஓர் உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர் ஒருவர் மினி பிராஜெக்டுக்காகத் தன் ஊர்ப் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களைத் தமிழில் சேகரித்து, பைதானில் நிரல் எழுதி, ஒரு சிஎஸ்வி கோப்பாக (கமா போட்டுப் பிரித்த அட்டவணை) சேமிக்கிறார். நோட்பேடில் திறந்தால் தமிழ் அழகாகத் தெரிகிறது. எக்ஸெலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்தும் வட்டக் குறியுமாக ஒரே குப்பை. பாதி ராத்திரி வரை நிரலைத் திருத்திக்கொண்டிருப்பார். நிரலில் தப்பே கிடையாது.

நடந்தது இதுதான். கணினி எழுத்துகளை எண்களாக்கித்தான் சேமிக்கிறது; அதற்கான முறைகளில் ஒன்று யுடிஎஃப்-8. அதில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் (கணினியின் சேமிப்பு அலகு) தேவை. தன்னிடம் வரும் கோப்பு எந்த முறையில் எழுதப்பட்டது என்று எக்ஸெலுக்கு யாரும் சொல்லவில்லை; அதனால் கணினியில் ஏற்கெனவே அமைந்திருக்கும் பழைய மேற்கத்திய முறை என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாகக் காட்டுகிறது. ஆகவே ‘க’ என்ற ஒரு எழுத்து மூன்று குப்பையாகிறது. ‘கு’ என்றால் ஆறு, ஏனென்றால் கணினிக்கு அது ‘க’வும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு. தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே என்பதால்தான் அந்தக் கொம்பு வைத்த எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. தீர்வு சுலபம். சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் ‘யுடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்தால் கோப்பின் தலையில் மூன்று அடையாள பைட்கள் சேரும், எக்ஸெல் புரிந்துகொள்ளும். இல்லையென்றால் எக்ஸெலின் டேட்டா மெனு வழியாகக் கோப்பை உள்ளே இழுத்து, 65001 என்ற எண்ணுள்ள யூனிகோட் முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதை ஒரு பதிவாக எழுத ஒரு மாலை போதும். எக்ஸெலில் வந்த குப்பையின் ஸ்கிரீன்ஷாட், காரணம், இரண்டு தீர்வு. இதே சிக்கலில் மாட்டி ராத்திரி பதினோரு மணிக்குத் தேடும் யாரோ ஒருவர் உங்கள் பக்கத்தில் வந்து விழுவார். இன்டர்வியூ எடுப்பவர் இதைப் படித்தால் அவருக்குத் தெரிவது என்ன? எழுத்துக் குறியாக்கம் என்பது இவருக்குப் பரீட்சைக்குப் படித்த ஐந்து மார்க் கேள்வி அல்ல. காரணம் தெரியும்வரை இவர் விடவில்லை. அதை இன்னொருவருக்குப் புரியும்படி சொல்லவும் தெரிகிறது. ‘பைதான் தெரியும்’ என்று ரெஸ்யூமேயில் எழுதியிருப்பதை விட இது எத்தனையோ மடங்கு.

கம்ப்யூட்டர் படிப்பவர்களுக்கு மட்டும்தான் இதெல்லாம் என்று நினைக்க வேண்டாம். பி.காம். படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஜிஎஸ்டி ஓர் அறிமுகம்’ என்று எழுதினால் அது அரைத்த மாவு. ‘ஓட்டல் பில்லைப் படிப்பது எப்படி’ என்று எழுதட்டும், கதையே வேறு. கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஓட்டலின் பில்லில் பதினைந்து இடங்கள் கொண்ட ஜிஎஸ்டி எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு. அடுத்த பத்து இடங்கள் அந்த உரிமையாளரின் பான் எண். இப்போது பில்லின் அடியைப் பார்க்க வேண்டும்: மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை என்று ஐந்து சதவீதம் சேர்த்திருக்கிறார்களா?

சேர்த்திருந்தால் அந்த ஓட்டல் சாதாரண முறையில் பதிவு செய்ததாக இருக்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருக்கும் ஓட்டல்கள் காம்போசிஷன் என்ற எளிய முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த முறையில் இருப்பவர் விற்றுமுதலில் ஐந்து சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. வரி வசூலிக்கத் தகுதியில்லாத காம்போசிஷன் வணிகர் என்று பில்லின் தலையிலேயே போட வேண்டும். எது எந்த முறை என்பதை ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துத் தேடினால், லாகின்கூட இல்லாமல், யாரும் பார்க்கலாம்.

மூன்று ஓட்டல் பில்களை (பெயரை மறைத்துவிட்டு) வைத்து இந்த மாணவி ஒரு பதிவு எழுதினால், அது அவருடைய வகுப்புத் தோழர்களுக்கு மட்டுமல்ல, ஓட்டலில் சாப்பிடும் அத்தனை பேருக்கும் பயன்படும். ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப்புக்கோ டேலி வேலைக்கோ போகும்போது, ‘ஜிஎஸ்டி தெரியுமா?’ என்று கேட்டால் ‘தெரியும் சார்’ என்று சொல்லாமல் போனை எடுத்துக் காட்டலாம்.

மற்ற துறைகளுக்கும் இதே போல்தான். விலங்கியல் மாணவர் தன் ஊர் ஏரியில் மாதாமாதம் பார்த்த பறவைகளின் பட்டியலை எழுதலாம். எது எப்போது வந்தது, எது வரவில்லை. வரலாறு படிப்பவருக்குத் தெருக்கோடியில் ஒரு கல்வெட்டு இருக்கும். சிவில் மாணவருக்கு இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில் கான்கிரீட் கலவையைக் கூம்பில் ஊற்றிச் சோதித்துப் பார்த்தது இருக்கும். ஆங்கில இலக்கிய மாணவர்கள் கவிதை எழுதி நிரப்பிவிடுவார்கள். அதுவும் இருக்கட்டும், கூடவே ஒரு மொழிபெயர்ப்பை எடுத்து வரிக்கு வரி ஏன் அப்படிச் செய்தேன் என்று எழுதினால் பதிப்பகத்துக்காரர் உட்கார்ந்து படிப்பார்.

எழுதினால் என்ன கிடைக்கிறது

முதல் பலன் யாரும் படிப்பதற்கு முன்னாலேயே கிடைத்துவிடும். ஒரு விஷயம் நமக்குப் புரிந்துவிட்டது என்று நினைப்பது வேறு, அதை எழுதி முடிப்பது வேறு. மூன்றாவது பத்தியில் ‘ஆகவே’ என்று போட்டு நிற்கும்போதுதான் அந்த ‘ஆகவே’ ஏன் வருகிறது என்று நமக்கே தெரியாது என்பது வெளிப்படும். மறுபடி புத்தகத்தைத் திறப்போம். டெக்னிகல் ரவுண்டில் குறுக்குக் கேள்வி கேட்கும்போது திக்கித் திணறாமல் இருக்க இதைவிடப் பயிற்சி கிடையாது.

இரண்டாவது, முன்பின் தெரியாதவர்கள். இங்கே இன்னொரு மாணவரின் கதையைச் சொல்ல வேண்டும். 2003 ஜனவரியில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 19 வயது மேட் முல்லன்வெக் தன் வலைப்பதிவில் ஒரு புலம்பல் எழுதினார். அவர் பதிவு எழுதப் பயன்படுத்திய பி2 என்ற மென்பொருளை உருவாக்கியவர் ஆளையே காணோம், மென்பொருள் அப்படியே தேங்கிக் கிடக்கிறது, அதை எடுத்து நானே தொடரலாமா என்று பார்க்கிறேன் என்பது சாரம். பதிவின் கீழே இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்பவர் சுருக்கமாக ஒரு பதில் போட்டார். நீங்கள் செய்வதாக இருந்தால் நானும் சேர்ந்துகொள்கிறேன் என்று. அதே ஆண்டு மே 27-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்டதுதான் வேர்டுபிரஸ். இன்று உலகத்து இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்கு அதில்தான் ஓடுகிறது. மறு வருடம் சிநெட் நிறுவனம் முல்லன்வெக்குக்கு வேலை கொடுத்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைத்தது. அவர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். (இந்தக் கடைசி வாக்கியத்தை வீட்டில் வாசித்துக் காட்ட வேண்டாம்.)

எல்லோருக்கும் வேர்டுபிரஸ் வாய்க்காது. ஆனால் எழுதி வைத்தால்தான் யாரோ ஒருவர் வந்து ‘இதில் ஒரு தப்பு இருக்கிறது தம்பி’ என்றாவது சொல்வார். அப்படிச் சொல்பவர் பெரும்பாலும் அந்தத் துறையில் வேலை பார்ப்பவர். கோபப்படாமல் திருத்தி, நன்றி சொல்லி, திருத்தியதைப் பதிவிலேயே குறித்து வையுங்கள். ஆஃப் கேம்பஸ் வேலைகளில் பாதி ரெஃபரல் வழியாகத்தான் நகர்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். மாமாவும் சித்தப்பாவும் ஐடியில் இல்லாத பிள்ளைகளுக்கு ரெஃபரல் எங்கிருந்து வரும்? இப்படித்தான் வர வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு வலைப்பதிவை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணமே இதுதான்.

மூன்றாவது, சில இடங்களில் வலைப்பதிவு எழுதுவது வேலையின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. அவுட்ரீச்சி என்ற பன்னாட்டுப் பயிற்சித் திட்டம், தொழில்நுட்பத் துறையில் வாய்ப்புக் குறைவாகக் கிடைப்பவர்களைத் திறந்த மூல மென்பொருள் (நிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடியது) பணிகளில் ஊதியத்தோடு சேர்க்கிறது. அதில் தேர்வானவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பதிவு எழுதியே ஆக வேண்டும். கூகுள் 2005-இல் தொடங்கிய சம்மர் ஆஃப் கோட் திட்டத்திலும் பல வழிகாட்டி அமைப்புகள் வாரா வாரம் என்ன செய்தீர்கள் என்று பொதுவில் எழுதச் சொல்கின்றன. ஏற்கெனவே எழுதிப் பழகியவருக்கு இது பெரிய விஷயமே இல்லை.

எங்கே தொடங்குவது, எந்த மொழியில்

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள். பிளாகர் இலவசம், 1999-இல் வந்து 2003-இல் கூகுள் கைக்குப் போனது, ஜிமெயில் இருந்தால் பத்து நிமிடத்தில் கடை திறந்துவிடலாம். வேர்டுபிரஸ் தளத்திலும் இலவசத் திட்டம் இருக்கிறது, நடுவே அவர்களுடைய விளம்பரம் வரும். கோடிங் படிப்பவர்கள் கிட்ஹப் பேஜஸில் வைத்துக்கொள்ளலாம். அமைப்பதற்குக் கொஞ்சம் மண்டையை உடைக்க வேண்டும், அதையே முதல் பதிவாக எழுதிவிடலாம். சொந்தப் பெயரில் டொமைன் வாங்க வேண்டுமா என்றால், பத்துப் பதிவு எழுதின பிறகு வாங்குங்கள். தீம் மாற்றி, லோகோ வரைந்து, நிறம் தேர்ந்தெடுத்து, ‘விரைவில் வருகிறேன்’ என்று ஒரு பதிவோடு அநாதையாய்க் கிடக்கும் தளங்கள் இணையத்தில் ஏராளம்.

தமிழா ஆங்கிலமா? எந்த மொழியில் யோசிக்கிறீர்களோ அதில் தொடங்குங்கள். வேலை கொடுப்பவர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருப்பார் என்றால் ஆங்கிலம் தேவைதான். சின்னச் சின்ன வாக்கியமாக, அலங்காரம் இல்லாமல் எழுதினால் போதும், இலக்கணப் பிழைக்காக யாரும் விரட்ட மாட்டார்கள். ஆனால் தமிழில் எழுதுவதை இரண்டாந்தரம் என்று நினைக்காதீர்கள். தொழில்நுட்பத்தையும் வரியையும் தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. கணியம் இதழ் 2012 முதல் திறந்த மூல மென்பொருள் பற்றிய கட்டுரைகளைத் தமிழில் வெளியிட்டு வருகிறது, தன்னார்வலர்கள் எழுதுவதுதான். உங்கள் பதிவு நன்றாக இருந்தால் அங்கேயும் அனுப்பலாம். ஒரே விஷயத்தை இரண்டு மொழியிலும் எழுதுபவர்களை மொழியாக்க நிறுவனங்களும் செயலி தயாரிப்பவர்களும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எத்தனை நாளைக்கு ஒன்று? மாதம் இரண்டு என்றால் நல்லது. செமஸ்டர் பரீட்சை மாதத்தில் எழுதாவிட்டால் குடி முழுகிவிடாது.

சாட்ஜிபிடியை எழுதச் சொன்னால் என்ன

இந்தக் கேள்வி இல்லாமல் இப்போது எந்தக் கல்லூரியிலும் பேச முடியாது. சொல்லலாம், ஒரு நிமிடத்தில் ஆயிரம் சொல் வந்துவிடும். ‘இன்றைய வேகமான உலகில்’ என்று தொடங்கி, ஐந்து பயன்கள், மூன்று சவால்கள் என்று அடுக்கி, நம்பிக்கையோடு முடியும். 2022 நவம்பருக்குப் பிறகு இணையம் முழுக்க அதே கட்டுரைதான். அதனால் என்ன ஆயிற்று என்றால், பொதுவாக எழுதப்பட்ட எதற்கும் மதிப்பில்லாமல் போய்விட்டது. நீங்கள் எடுத்த ஸ்கிரீன்ஷாட், உங்கள் ஊர் ஏரி, உங்கள் கையில் இருக்கும் பில், நீங்கள் முயன்று சரிவராமல் போன வழி, இவற்றை அதனால் தர முடியாது. எழுத்துப்பிழை பார்க்க, ஆங்கில வாக்கியத்தைச் சீராக்க வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க எழுத விட்டீர்களானால் இன்டர்வியூவில் மாட்டுவீர்கள். ‘உங்கள் பதிவில் இப்படி எழுதியிருக்கிறீர்களே, ஏன்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். கேட்பேன்.

எதற்கு உதவாது

இதையும் சொல்லிவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் பெரிய நிறுவனங்களின் கேம்பஸ் தேர்வில் உங்கள் வலைப்பதிவை யாரும் படிக்கப் போவதில்லை. அங்கே மதிப்பெண் கட்ஆஃப், ஆன்லைன் ஆப்டிடியூட், அதன் பிறகுதான் மனிதர்கள். அந்தக் கதவுக்கு ஆப்டிடியூட் பயிற்சிதான் சாவி. வலைப்பதிவு வேலை செய்வது சின்ன நிறுவனங்களில், ஸ்டார்ட்அப்களில், இன்டர்ன்ஷிப்புக்கு மெயில் போடும்போது, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, எழுத்து சார்ந்த வேலைகளில். கோர் கம்பெனி கிடைக்கவில்லையே என்று தவிக்கும் மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்கும் ஓரளவு.

விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. மாணவர் வலைப்பதிவுக்கு வரும் கூட்டத்தில் ஆட்சென்ஸ் கொடுப்பது டீக்காசுக்குக் கூடக் காணாது. பணத்துக்காக எழுத ஆரம்பித்தால் ‘டாப் 10’ தலைப்புகளின் பின்னால் ஓட வேண்டியிருக்கும், அத்தோடு உங்கள் தளம் ரெஸ்யூமேயில் காட்ட முடியாததாகிவிடும். பார்வையாளர் எண்ணிக்கையையும் மறந்துவிடுங்கள். சரியான ஒரே ஒருவர் படித்தாலும் போதும்.

எதை எழுதக் கூடாது

இன்டர்ன்ஷிப் செய்த இடத்தின் உள்விவரம், வாடிக்கையாளர் பெயர், நிரல், ஸ்கிரீன்ஷாட் எதுவும் வெளியே வரக் கூடாது; கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இது பெரும்பாலும் இருக்கும், படிக்காமல் போட்டிருப்பீர்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து நிரலை எடுத்தால் எங்கிருந்து எடுத்தேன் என்று சுட்டி கொடுங்கள். அங்கிருப்பவை பெயர் சொல்லிப் பயன்படுத்த வேண்டிய உரிமத்தில்தான் வெளியிடப்படுகின்றன. எச்ஓடி மேல் உள்ள கோபத்தை வலைப்பதிவில் தீர்த்துக்கொள்ள வேண்டாம். இன்டர்னல் மார்க்குக்காகச் சொல்லவில்லை, அதைப் படிக்கும் நிறுவனம் ‘நாளைக்கு நம்மையும் இப்படித்தான் எழுதுவார்’ என்று நினைக்கும்.

போன் நம்பரையும் வீட்டு முகவரியையும் தளத்தில் போடாதீர்கள். வலைப்பதிவுக்கென்று தனியாக ஒரு மெயில் ஐடி வைத்துக்கொண்டால் போதும். பெண் பிள்ளைகள் எழுதுவதற்கு வீட்டில் தயங்கினால் முதலில் இன்ஷியலோடு, போட்டோ இல்லாமல் தொடங்கலாம். ஸ்டெல்டரும் பெயரில்லாமல்தானே தொடங்கினார். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சுட்டியைக் கொடுத்து ‘இது நான் எழுதுவது’ என்று சொன்னால் முடிந்தது.

ரெஸ்யூமேயில் வைக்கும்போது

வெறும் முகவரியை மட்டும் ஓர் ஓரத்தில் போட்டால் யாரும் கிளிக் செய்ய மாட்டார்கள். ஒரு நாளில் நூறு ரெஸ்யூமே பார்ப்பவருக்கு நேரம் கிடையாது. ஆகவே முகவரியின் கீழே, அந்த வேலைக்குப் பொருத்தமான இரண்டு பதிவுகளை எடுத்து ஒவ்வொன்றையும் ஒரு வரியில் சொல்லுங்கள்: ‘எக்ஸெலில் தமிழ் எழுத்து ஏன் சிதைகிறது: காரணமும் இரண்டு தீர்வும்’. தலைப்பே ஆளைச் சொல்லிவிடும். இன்டர்ன்ஷிப் கேட்டு மெயில் எழுதும்போதும் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று அரைப்பக்கம் எழுதுவதற்குப் பதில், அந்த நிறுவனம் செய்யும் வேலையோடு தொடர்புள்ள உங்கள் பதிவின் சுட்டி ஒன்றையும், அதை ஏன் அனுப்புகிறீர்கள் என்று இரண்டு வாக்கியத்தையும் வையுங்கள்.

பழைய பதிவுகள் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறதே, அழித்துவிடலாமா என்று கேட்பார்கள். தவறான தகவல் இருந்தால் திருத்துங்கள், நடை சுமாராக இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் இரண்டாம் ஆண்டு மாணவர் போலத்தான் எழுதுவார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுட்டி மட்டும் வேலை செய்ய வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் லாகின் இல்லாத வேறொரு போனில் ஒரு தடவை திறந்து பாருங்கள். ‘இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை’ என்ற அறிவிப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேலை கிடைத்த பிறகும் எழுதலாம், ஆனால் ஆஃபர் லெட்டரோடு வரும் நிபந்தனைகளை ஒரு முறை படியுங்கள். வெளியே எழுதவோ வேறு வழியில் சம்பாதிக்கவோ அனுமதி வாங்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் போட்டிருக்கும். சேரும் நாளிலேயே எச்ஆரிடம் ‘எனக்கு இப்படி ஒரு வலைப்பதிவு இருக்கிறது, தொடர்ந்து எழுதலாமா?’ என்று ஒரு மெயில் போட்டு, பதிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.